கடல்பாசி முதல் கிரீஸ் வரை: ஜெல் சரக்குகளை அறிந்து அடுக்குவோம்



நம் கடைகளுக்கு வரும் சரக்குகளை நாம் பொதுவாக இரண்டாகப் பிரித்தே பழகியிருக்கிறோம். அரிசி, பருப்பு, சீனி, வத்தல் எல்லாம் கெட்டிச் சரக்கு. எண்ணெய், பினாயில், சர்பத் எல்லாம் நீர்ச் சரக்கு. கெட்டிச் சரக்கை மூட்டையாக அடுக்குகிறோம். நீர்ச் சரக்கை டின்னிலும் பாட்டிலிலும் அடைத்து மூடியைச் சரிபார்த்துக் கொள்கிறோம். இவ்விரண்டின் நெளிவு சுளிவுகளும் நமக்கு அத்துபடி.

இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை ஒன்று நம் அலமாரிகளை ஆண்டுக்கு ஆண்டு நிரப்பி வருகிறது. ஜாம், ஜெல்லி, தக்காளி சாஸ், கப் தயிர், பற்பசை, தலைக்குத் தடவும் ஜெல், ஹார்டுவேர் கடையில் கிரீஸ், பெயிண்ட் ஆகியவை அந்த வகை. 2020ல் கொரோனா காலத்தில் சானிடைசர் ஜெல் விற்காத கடையே இல்லை. இவை தட்டில் வைத்தால் நிற்கும், அழுத்தினால் வழியும். நிற்கும்போது கெட்டிச் சரக்கு, வழியும்போது நீர்ச் சரக்கு. படித்தவர்கள் இவற்றில் பலவற்றை ஜெல் என்கிறார்கள். நாமும் வசதிக்காக எல்லாவற்றையும் அந்தப் பெயராலேயே குறிப்போம்.

இந்த வகைச் சரக்கில்தான் இன்று சில்லறைக் கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் அதிகச் சச்சரவு வருகிறது. "தண்ணி விட்டுப் போச்சு, எடுத்துக்கங்க" என்று கடைக்காரர் சொல்வார். "நீங்க அடுக்கின லட்சணம், நாங்க என்ன பண்றது?" என்று மொத்த வியாபாரி சொல்வார். கம்பெனியோ லாரியைக் கைகாட்டும், லாரி ஷெட்காரர் வெயிலைக் கைகாட்டுவார். நடுவில் நட்டம் யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. சரக்கின் குணம் தெரிந்தால் இந்தச் சச்சரவில் பாதி வராது. வரும் பாதியிலும் நியாயம் எது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

உள்ளே இருப்பது என்ன?

ஒரு கிலோ கடல்பாசி ஜெல்லியில் பாசிச் சத்து சுமார் 10 முதல் 15 கிராம்தான் இருக்கும். மீதி எல்லாம் தண்ணீரும் சீனியும். இவ்வளவு தண்ணீரை அந்தப் பதினைந்து கிராம் எப்படிக் கட்டி நிறுத்துகிறது? கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல்கள் ஒன்றோடொன்று பின்னி, வலை போல ஆகிவிடுகின்றன. அந்த வலையின் கண்களுக்குள் தண்ணீர் சிறைப்பட்டு நிற்கிறது. ஜெல் என்றால் தண்ணீரைப் பிடித்த வலை என்று வைத்துக் கொள்ளலாம்.

வலை நூல் சரக்குக்குச் சரக்கு வேறு. கடல்பாசியில் அகர் என்னும் பொருள். ஜாமில் பழத்தோலில் உள்ள பெக்டின். தயிரில் பாலின் புரதம். சாஸில் தக்காளிச் சதைத் துணுக்குகளும், சில கம்பெனிகள் சேர்க்கும் பசைப் பொருள்களும். கிரீஸில் தண்ணீருக்குப் பதில் எண்ணெய். அதைப் பிடித்து நிற்பது ஒருவகை சோப்பு நூல். பெயர் எதுவானாலும் அமைப்பு ஒன்றே. நூலும் நூலும் கோத்திருக்கும் முடிச்சு எப்படிப்பட்டது என்பதில்தான் சரக்கின் குணம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

எதுவரை தாங்கும்?

ஜெல்லியை விரலால் லேசாகத் தொட்டால் குழிந்து, விரலை எடுத்ததும் பழையபடி நிமிர்ந்துவிடும். வலை சற்றே இழுபட்டது, முடிச்சு எதுவும் அவிழவில்லை. இந்த எல்லைக்குள் சரக்குக்குச் சேதம் இல்லை. அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் முடிச்சுகள் அவிழத் தொடங்கும். அதற்கு மேல் சரக்கு பழைய உருவத்துக்குத் திரும்பாது. அந்த எல்லையைத் 'தாங்கும் வரம்பு' என்று சொல்லலாம்.

1916ல் அமெரிக்க வேதியியலார் யூஜின் பிங்காம் களிமண் கலந்த நீரை மெல்லிய குழாய் வழியே செலுத்திப் பார்த்து இதை ஆராய்ந்தார். ஓரளவு அழுத்தம் வரும்வரை அது நகர மறுத்தது. அதன் பிறகு ஓடியது. 1919ல் அவரும் கிரீன் என்பவரும் சேர்ந்து, பெயிண்ட் என்பது சாதாரண நீர்மம் அல்ல, வரம்பு உள்ள பொருள் என்று எழுதினார்கள். சுவரில் பூசிய பெயிண்ட் வழியாமல் நிற்பதும், பிரஷ் இழுக்கும்போது மட்டும் பரவுவதும் அந்த வரம்பினால்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. கீழக்குயில்குடியில் சமணர் மலைப் பக்கம் கண்மாய் வற்றும் பருவத்தில் கரம்பை அள்ளப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சேற்றின் மேல் அசையாமல் நின்றால் ஓரளவு தாங்கும். காலை ஆட்டி ஆட்டி எடுத்தால் இளகிக்கொண்டே போய் முழங்கால் வரை வாங்கிவிடும். ஆட்டாமல் விட்டு மறுநாள் வந்தால் அதே சேறு மறுபடி இறுகியிருக்கும். ஆட்டினால் இளகுவது, விட்டால் இறுகுவது என்ற இந்தக் குணத்துக்கு 1927ல் அறிவியலார் கிரேக்கச் சொற்களைக் கூட்டி 'திக்ஸோட்ரோபி' என்று பெயர் வைத்தார்கள். சாஸுக்கும் கிரீஸுக்கும் பெயிண்டுக்கும் அதே குணம்தான்.

மீள்வதில் மூன்று வகை

வரம்பு தாண்டிய பிறகு சரக்கு மீளுமா, மீளாதா? வியாபாரிக்கு இதுதான் முக்கியமான கேள்வி. இதை வைத்து ஜெல் சரக்குகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

*முதல் வகை, ஓய்வு கொடுத்தால் மீள்வது.* தக்காளி சாஸ், பற்பசை, சானிடைசர் ஜெல், கிரீஸ், பெயிண்ட் ஆகியவை இதில் சேரும். இவற்றின் முடிச்சுகள் பலமற்றவை, ஆனால் எண்ணிக்கையில் அதிகம். குலுக்கினால் அவிழும், விட்டால் தாமாகவே கட்டிக்கொள்ளும். சில சரக்கு நொடியில் மீளும், சிலதுக்கு ஓர் இரவு வேண்டும். லாரியில் வந்து இறங்கிய பெயிண்ட் டின்னை அன்றைக்கே திறந்து "இளக்கமாக இருக்கிறது" என்று சொல்வது சரியல்ல. ஒருநாள் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த வகையில் சில சரக்கு ஓய்வில் இருக்க இருக்க இன்னும் வலுப்பெறும். நீண்ட நாள் அலமாரியில் நின்ற சாஸ் பாட்டில் முதலில் சொட்டுக்கூட வராமல் அடம் பிடித்து, நன்றாகக் குலுக்கியதும் கொட்டுவது அதனால்தான். அது கெட்டுப்போன அடையாளம் அல்ல.

கிரீஸ் வியாபாரிகள் '2ஆம் நம்பர்', '3ஆம் நம்பர்' என்று சொல்வது இந்தக் குணத்தை வைத்துத்தான். பரிசோதனையில் கிரீஸை 25 டிகிரிச் சூட்டில் 60 முறை இடித்து இளக்கிய பிறகே, கூம்பு ஒன்றை அதில் விட்டு எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்க்கிறார்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஓர் அளவாகக் கொண்டு 265 முதல் 295 வரை இறங்கினால் 2ஆம் நம்பர், 220 முதல் 250 வரை இறங்கினால் 3ஆம் நம்பர். வண்டியின் பேரிங்கில் அது எப்போதும் அரைபட்டுக் கொண்டே இருப்பதால், இளக்கிய பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும்.

*இரண்டாம் வகை, சூடுகாட்டினால் மட்டும் மீள்வது.* கடல்பாசி ஜெல்லி, ஜெலட்டின் ஜெல்லி ஆகியவை. உடைந்தால் துண்டு துண்டுதான். எத்தனை நாள் ஓய்வு கொடுத்தாலும் இரண்டு துண்டு ஒன்றாக ஒட்டாது. உருக்கி மறுபடி உறையவிட்டால் புதிதாகும். டால்டாவையும் இதன் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் அது வெயிலில் உருகித் தானாக மெல்ல உறைந்தால் பழைய வழவழப்பு வராது, மணல் மணலாகத் திரண்டுவிடும். நெய்யில் அந்த மணல் வாடிக்கையாளருக்குப் பிடிக்கும், டால்டாவில் பிடிக்காது.

*மூன்றாம் வகை, எது செய்தாலும் மீளாதது.* கப் தயிர் இதற்கு நல்ல உதாரணம். உறைந்த தயிரைக் கலக்கிவிட்டால் புளித்தண்ணீர் பிரியும். குளிரில் வைத்தாலும் சூடாக்கினாலும் பழைய கட்டித் தயிர் வராது. சூடாக்கினால் இன்னும் மோசமாகத் திரிந்து போகும். வழக்கமான பழ ஜாமும் இப்படித்தான். பெக்டின், சீனி, புளிப்பு மூன்றும் சரியான அளவில் சேர்ந்து ஒருமுறை உறைகிறது. உறையும் நேரத்தில் ஆட்டிவிட்டால் சரியாக உறையாது. உறைந்தபின் வலை சிதைந்தால் தண்ணீர் கசியும். பாதாம் பிசினையும் இதில் சேர்க்கலாம். ஊறிப் பொங்கிய பிசின் கட்டியை நசுக்கினால் நசுங்கியதுதான்.

கடல்பாசி: நம் வட்டாரச் சரக்கு

ஜில் ஜில் ஜிகர்தண்டாவுக்குப் பேர் போன மதுரையில் கடல்பாசி பற்றித் தனியாகச் சொல்லாமல் விட முடியாது. 'சைனா கிராஸ்' என்று பெட்டியில் போட்டிருந்தாலும் இதற்கு மூலப்பொருள் நம் மன்னார் வளைகுடாவிலும் விளைகிறது. ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் கடலில் இறங்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும்தான் அகர் எடுக்கப் பயன்படுகின்றன. மதுரைச் சுற்றுப்புறத்தில் இவற்றிலிருந்து அகர் எடுக்கும் சிறு ஆலைகள் பல ஆண்டுகளாக இயங்கி வந்திருக்கின்றன. கஞ்சிப்பாசி என்ற பெயரே கடற்கரை மக்கள் அதைக் கஞ்சியாகக் காய்ச்சிய வழக்கத்தால் வந்தது.

அகருக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. உருகுவதற்கு சுமார் 85 டிகிரி சூடு வேண்டும். உருகிய பின் சுமார் 32 முதல் 40 டிகிரி வரை இறங்கினால்தான் உறையும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் 40 டிகிரி அடித்தாலும் உறைந்த கடல்பாசி உருகாது. ஜெலட்டினோ 30 முதல் 35 டிகிரியிலேயே தளர்ந்து உருகிவிடும். 1881ல் ஜெர்மனியில் கிருமி ஆராய்ச்சி செய்தவர்கள் இதே தொல்லையில் மாட்டினார்கள். கோடையில் ஜெலட்டின் தட்டுகள் உருகி வழிந்தன. ஆராய்ச்சியாளர் ஒருவரின் மனைவி ஃபன்னி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய அகரை எடுத்துக் கொடுத்தார். ஜாவாவில் வாழ்ந்து வந்தவர்களிடம் அவர் கற்ற கைப்பக்குவம் அது. இன்றுவரை உலகமெங்கும் பரிசோதனைக் கூடங்களில் கிருமி வளர்க்க அகர்தான் பயன்படுகிறது.

கொள்முதல் செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது, அகரின் விலை அதன் வலுவை வைத்துப் போகிறது என்பது. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பது வலு மிகுந்தது. கஞ்சிப்பாசியிலிருந்து சாதாரணமாக எடுப்பது வலுக் குறைந்தது. காரம் சேர்த்துப் பக்குவம் செய்தால் அதன் வலுவும் கூடும். இரண்டு பொடியும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். வலுக் குறைந்ததை வலு மிகுந்த விலைக்கு வாங்கிவிட்டால், ஸ்வீட் கடைக்காரர் "பாதிப் பொடியில் உறைய வேண்டியது முழுப் பொடியிலும் உறையவில்லை" என்று திருப்பி அனுப்புவார்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கூடம் தேவையில்லை, நம் தராசும் படிக்கற்களும் போதும். ஏழரை கிராம் அகர்ப் பொடியைத் தண்ணீரில் போட்டு முழுதும் கரையும்வரை கொதிக்க விடுங்கள். ஆவியாய்ப் போன தண்ணீரை ஊற்றி மொத்த எடையை 500 கிராமுக்குக் கொண்டு வாருங்கள். வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி ஓர் இரவு அசையாமல் வையுங்கள். அடிப்பக்கம் சமமாக வெட்டிய, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள கம்பு ஒன்றை ஜெல்லியின் மேல் செங்குத்தாக நிறுத்தி, தலையில் சிறு தட்டு வைத்து, 50 கிராம் 50 கிராமாகக் கல்லைக் கூட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் 20 நொடி நிறுத்திப் பாருங்கள். கம்பும் தட்டும் சேர்ந்த எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். எந்த எடையில் கம்பு ஜெல்லியைக் குத்திக்கொண்டு இறங்குகிறதோ அதற்கு முந்திய எடைதான் அந்த அகரின் வலு. கூடங்களில் 20 டிகிரிச் சூட்டில் இதையே செய்து, சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று சான்று கொடுக்கிறார்கள். நம் அறையின் சூடு வேறு என்பதால் எண் மாறும். ஆனால் இரண்டு சாம்பிளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்தால் எது உயர்ந்தது என்பதில் சந்தேகம் வராது.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டிய யோசனை இரண்டு. எலுமிச்சைச் சாற்றை அகரோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் நூல்கள் அறுந்து வலுக் குறையும். கொதித்து இறக்கிய பின் கலக்கச் சொல்லுங்கள். செய்த ஜெல்லியை பனிக்கட்டியாகும் அளவுக்கு ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உறைந்த பனி வலையைக் கிழித்துவிடும்; வெளியே எடுத்ததும் தண்ணீர் தனியே ஓடும். ஜப்பானில் ஒரு சத்திரக்காரர் குளிர்காலத்தில் வெளியே போட்ட பாசிக்கூழ் இப்படித்தான் பனியில் உறைந்து, வெயிலில் நீர் வடிந்து, உலர்ந்த அகராக ஆனது என்று சொல்வார்கள். அங்கே லாபமானது நம் வாடிக்கையாளருக்கு நட்டம்.

காலமும் குலுக்கலும்

தாங்கும் வரம்பு என்பது கல்லில் எழுதிய எண் அல்ல. இது பலருக்குத் தெரியாததால்தான் கிட்டங்கியில் நட்டம் வருகிறது.

முதலாவது காலம். வரம்புக்குக் குறைந்த எடைதானே என்று பாக்கெட் சரக்கை அடுக்கி வைக்கிறோம். முதல் நாள் நிமிர்ந்து நிற்கிறது, ஐந்தாம் நாளும் நிற்கிறது. பத்தாம் நாள் திடீரென்று அடி வரிசை சரிந்துவிடுகிறது. வலையில் முடிச்சுகள் சும்மா இருக்கும்போதும் ஒன்றிரண்டு அவிழ்ந்து அவிழ்ந்து மறுபடி கட்டிக்கொள்ளும். மேலே பாரம் இருந்தால் அவிழ்ந்தவை பழைய இடத்தில் கட்டிக்கொள்ள முடியாது. உள்ளுக்குள் வலை மெல்ல மெல்ல இளைத்து, ஒருநாள் மொத்தமாகக் கைவிடும். சரிந்த நாளில் அதைத் தொட்ட பையனைத் திட்டுவதில் பயனில்லை.

இரண்டாவது குலுக்கல். ஒரே அடியில் உடையாத சரக்கு ஆயிரம் சிறு குலுக்கலில் உடையும். ராமேசுவரம் ரோட்டிலோ தேனி ரோட்டிலோ லாரி போகும்போது கப் தயிர் படுவது அதுதான். முதல் வகைச் சரக்குக்கு இதனால் கேடில்லை, இறக்கி வைத்தால் மீண்டுவிடும். மற்ற இரண்டு வகைக்கும் ஒவ்வொரு குலுக்கலும் செலவுக் கணக்குத்தான், வரவு கிடையாது.

மூன்றாவது சூடு. சூடு ஏற ஏறப் பெரும்பாலான ஜெல்களின் வரம்பு இறங்கும். தார்ப்பாய் மூடிய லாரியின் உள்ளே வெளிவெயிலைவிடச் சூடு அதிகம். காலையில் பத்துப் பெட்டி தாங்கிய சரக்கு மத்தியானம் ஐந்தைக்கூடத் தாங்காமல் போகலாம்.

பாரத்தை யார் சுமக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பெட்டி 12 கிலோ என்றால், பத்துப் பெட்டி உயரத்தில் அடிப்பெட்டி சுமப்பது 108 கிலோ. உள்ளே கண்ணாடி பாட்டில் என்றால் பாட்டிலே சுமந்துவிடும், சாஸுக்குத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் பையோ மெல்லிய கப்போ என்றால் அட்டைப்பெட்டி தளர்ந்ததும் பாரம் முழுதும் ஜெல்லின் தலையில் இறங்கும். அட்டைப்பெட்டியின் பலம் அதன் நான்கு மூலைகளில்தான் பெரும்பாலும் இருக்கிறது. மூலையோடு மூலை பொருந்தாமல் செங்கல் கட்டுப்போல மாற்றி மாற்றி வைத்தால் அந்தப் பலம் வெகுவாகக் குறையும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் இன்னும் குறையும்.

சேதம் யார் கணக்கில்?

உடைந்த ஜெல்லும் உருகிய ஜெல்லும் வேறு வேறு தடயம் விடும். அதைப் படிக்கத் தெரிந்தால் தர்க்கம் மிஞ்சாது.

பாரத்தால் உடைந்த ஜெல்லியில் விரிசல் இருக்கும், கூரான விளிம்புள்ள துண்டுகள் இருக்கும், அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். உருகி மறுபடி உறைந்ததில் விரிசலே இருக்காது. மேற்பரப்பு கண்ணாடி போல வழவழப்பாக இருக்கும். குலுக்கலால் கெட்ட தயிரில் கட்டிகள் மிதக்கும், சுற்றிலும் புளித்தண்ணீர். குளிர் விட்டுப்போய்க் கெட்ட தயிரில் கட்டி குலையாமல் இருந்தாலும் மூடி உப்பியிருக்கும், புளிப்பு தூக்கலாக இருக்கும்.

எங்கள் கிட்டங்கிக்கு ஒரு கோடையில் ஜெலட்டின் கலந்த ஜெல்லி மிட்டாய் பிளாஸ்டிக் ஜாடிகளில் வந்தது. மறுநாள் காலை சில ஜாடிகளைப் பார்த்தால் மிட்டாய்கள் எல்லாம் ஒரே கட்டி. கம்பெனிப் பிரதிநிதி வந்து, நாங்கள் உயரமாக அடுக்கியதால் நசுங்கியது என்றார். ஜாடிகளை அவர் முன்னாலேயே அறுத்தோம். உள்ளே விரிசல் இல்லை, நிறங்கள் ஒன்றோடொன்று கலந்திருந்தன. கட்டியின் மேற்பரப்பு வழவழப்பாக, ஆனால் ஒரு பக்கம் சாய்வாக இருந்தது. எங்கள் தரையோ மட்டம், ஜாடிகள் நிமிர்ந்து நின்றவை. நீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும். ஆகவே ஜாடி சாய்ந்து கிடந்தபோது, அதாவது வண்டியில் வந்தபோதே, அது உருகி உறைந்திருக்க வேண்டும். பிரதிநிதி இரண்டு ஜாடியைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தார், வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் கிரெடிட் நோட் வந்தது. சத்தம் போட்டு வாங்க முடியாததைச் சரக்கே சாட்சி சொல்லி வாங்கிக் கொடுத்தது.

இதே நியாயம் நமக்கு எதிராகவும் பேசும் என்பதை மறக்கக் கூடாது. சில்லறைக் கடைக்காரர் கொண்டு வரும் கப்பில் விரிசலுக்குப் பதில் வழவழப்பு இருந்து, அவர் கடை மேற்குப் பார்த்த கடையாகவும் இருந்தால் கேட்கலாம். நாம் அனுப்பிய பெட்டியிலேயே துண்டுகள் இருந்தால் பேச்சில்லாமல் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

குழந்தைகள் கையில் போகும் ஜெல்லி

இதுவரை சொன்னது பணக் கணக்கு. இனிச் சொல்வது உயிர்க் கணக்கு.

வாயில் ஒரே உறிஞ்சலில் போகும் சிறு கப் ஜெல்லிகள் சிலவற்றில் கொன்ஜாக் என்னும் கிழங்கு மாவு சேர்ப்பார்கள். அதன் ஜெல் ரப்பர் போல இழுவையானது. வாய்ச்சூட்டில் உருகாது, எளிதில் உடையவும் உடையாது. ஜெலட்டின் என்றால் உடம்புச் சூடான 37 டிகிரியில் உருகிவிடும். கடல்பாசி உருகாவிட்டாலும் நாக்கால் அழுத்தினாலே நொறுங்கும். கொன்ஜாக் இரண்டும் செய்யாமல் தொண்டையின் வடிவத்துக்கு வளைந்து அடைத்துக்கொள்ளும். இருமினாலும் வெளியே வராது. பல நாடுகளில் குழந்தைகள் இதனால் மூச்சடைத்து இறந்தார்கள். 2002ல் ஐரோப்பிய ஒன்றியம் ஜெல்லியில் கொன்ஜாக் சேர்ப்பதை நிறுத்தியது. 2004ல் கடற்பாசிப் பொருள்களும் வேறு சில பசைகளும் சேர்த்த சிறு கப் ஜெல்லிகளையும் தடுத்தது. கடல்பாசி நொறுங்கும் என்றாலும், ஒரே வாயில் உறிஞ்சி விழுங்கும் அந்தக் கப்பின் வடிவமே ஆபத்து என்று கருதியதால் இது நடந்தது.

ஆகவே பெயர் தெரியாத கம்பெனியின் மலிவான சிறு கப் ஜெல்லி வந்தால், முதலில் லேபிளைப் படியுங்கள். கொன்ஜாக் என்றோ குளுக்கோமன்னான் என்றோ இருந்தால் வாங்காதீர்கள். லேபிளே இல்லாவிட்டால் நிச்சயம் வாங்காதீர்கள். ஒன்றைப் பிரித்து இரண்டு விரலுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். நொறுங்காமல் வழுக்கி வழுக்கி ஓடுகிறதா? அதைப் பள்ளிக்கூட வாசல் கடைக்கு அனுப்பக் கூடாது. பெட்டிக்கு எவ்வளவு லாபம் நின்றாலும் சரி.

ஜெலட்டின் மாடு, பன்றி முதலியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. சைவ வாடிக்கையாளர் கேட்டால் தெரியாது என்று சொல்லாமல், பச்சைக் குறியா அசைவக் குறியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் நம் நாணயம்தான்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. சரக்கு இறங்கியதும் அது மூன்று வகையில் எது என்று முதலில் தீர்மானியுங்கள். ஓய்வில் மீள்வதை ஒருநாள் வைத்துப் பார்த்தே தரம் சொல்லுங்கள். மற்ற இரண்டையும் லாரி நிற்கும்போதே பெட்டி பிரித்துப் பார்த்து, லாரி ரசீதில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. பை, கப் சரக்குகளைப் பெட்டியில் அச்சிட்ட அடுக்கு அளவுக்கு மேல் ஏற்றாதீர்கள். கோடையில் அதிலும் இரண்டைக் குறையுங்கள். மூலையோடு மூலை பொருத்துங்கள்.

3. நீண்ட நாள் நிற்கும் அடுக்கை வாரம் ஒருமுறை கீழ்மேலாக மாற்றுங்கள். முதலில் வந்தது முதலில் போகட்டும்.

4. ஜெலட்டின் சரக்கை ஏப்ரல், மே மாதங்களில் இரவு வண்டியில் மட்டும் வரவழையுங்கள். தகர ஷெட்டின் கூரை ஓரத்தில் வைக்காதீர்கள்.

5. கிரீஸ் டின்னில் நடுவே பள்ளம் விழுந்தால் எண்ணெய் பிரிந்து அதில் தேங்கும். சில்லறையாக எடுத்த பின் மேற்பரப்பைச் சமப்படுத்தி மூடுங்கள். சிறிது எண்ணெய் பிரிந்திருந்தால் கலக்கிவிடலாம்.

6. கப் தயிரை உறைந்தபின் குளிர் விடாமல், குலுக்காமல் கொண்டு போகச் சொல்லுங்கள். சைக்கிளில் தொங்கவிட்டுப் போனால் வீட்டுக்குப் போவது மோர்தான்.

7. ரிட்டர்ன் வரும் சரக்கை உடைந்ததா, உருகியதா, தண்ணீர் பிரிந்ததா என்று மூன்று தலைப்பில் நோட்டில் எழுதுங்கள். ஓர் ஆண்டு எழுதினால் எந்தக் கம்பெனி, எந்த வண்டி, எந்த மாதம் நமக்குக் கை கடிக்கிறது என்பது தெரிந்துவிடும்.

கெட்டிச் சரக்கில் எடைதான் கணக்கு, நீர்ச் சரக்கில் அளவுதான் கணக்கு. ஜெல் சரக்கில் அது எவ்வளவு தாங்கும், தாங்க முடியாமல் போனால் எப்படி மீளும் என்பதே கணக்கு. அந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருக்கும் வியாபாரியிடம் ரிட்டர்ன் குறையும், வாடிக்கையாளர் நம்பிக்கை கூடும்.